காடு காத்தலும் காபன் கணக்கும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியர் ஒருவரிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்கச் செய்யுள் பற்றியோ சைவத் திருமுறை பற்றியோ ஒரு விடயமாகவே இருந்திருக்கும். யாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் குழுவின் செயலாளர், எம்மிடம் முன்னர் பயின்றவர், சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "சேர், இது விஞ்ஞான ஆசிரியர்களுக்குரிய விடயமல்லவோ?" என்று மெல்ல வினவினார். அவருடைய ஐயம் நியாயமானதே. ஆயினும் இவ்விடயம் எம்மை வந்தடைந்த வழி விஞ்ஞான வழியன்று. தமிழ் வழியே ஆகும். தமிழில் எழுதப்பெற்ற ஓர் ஒப்பந்தத்தைப் பொருள் கூறித் தருமாறு எம்மிடம் கொணர்ந்தார்கள். அதனாலேயே யாம் இதற்குள் இறங்க நேர்ந்தது.

எம் மனைவியார் பிறந்த ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு சிறு குளத்தை அண்டி இருப்பது. முப்பதுக்கு உட்பட்ட குடும்பங்களே அங்கு வாழ்கின்றன. குடும்பமொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும் சிறிது வயலும் உண்டு. எல்லாம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பெற்ற உத்தரவுப் பத்திரக் காணிகள். போரினால் ஊர் முழுவதும் பெயர்ந்து, முகாமில் இருந்து, 2010ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டு வந்தவர்கள் முதலிற் செய்த வேலை வீட்டுக்கு முன்பாகத்தைத் துப்புரவு செய்ததே. பின்பாகத்தைத் துப்புரவு செய்யக் கையிற் பொருளும் இல்லை. உடம்பில் வலுவும் இல்லை. அவ்வாறு விடப்பட்ட பின்பாகங்கள் யாவும் ஒன்றோடொன்று சேர்ந்து குளக்கட்டு வரை நீண்ட ஒரு சிறு காடாயின. பாலையும் வீரையும் முதிரையும் வேம்பும் தாமே எழுந்தன. ஊரவர் அதனைப் பிரித்து வேலியிட்டிலர். விறகு பொறுக்குபவர் யாருடைய காணியென்று பார்ப்பதில்லை. தோட்டத்துக்குக் குழை வெட்டுபவரும் அவ்வாறே. பச்சை மரத்தை அடியோடு தறித்தல் கூடாது என்பது எழுதாத வழக்கம். பாலைப்பழக் காலத்திற் சிறுவர் யாவரும் அங்கேதான்.

சென்ற ஆண்டு கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் அவ்வூருக்கு வந்தனர். அதன் பெயர் இங்கு வேண்டா. காட்டை அழியாது காத்து, இடைவெளிகளில் மேலும் மரங்களை நட்டால், அம்மரங்கள் காற்றிலிருந்து கவரும் காபனுக்கு ஆண்டுதோறும் பணம் தருவோம் என்றனர். பதினான்கு பக்கங்கொண்ட ஒப்பந்தத்தை விட்டுச் சென்றனர். காலம் முப்பது ஆண்டு. ஊர் மக்களுக்கு அஃது ஒன்றும் விளங்கவில்லை. "தமிழிலைதானே எழுதிக் கிடக்கு, தமிழ் வாத்தியாருக்கு விளங்காதோ?" என்று எம் மைத்துனர் அதனைப் பேருந்திற் கொணர்ந்து எம் மேசையில் வைத்தார்.

உண்மையைக் கூறின், தமிழ் வாத்தியாருக்கும் எளிதில் விளங்கவில்லை. சொற்கள் யாவும் தமிழ், வாக்கியங்கள் தமிழல்ல. எழுவாய் ஒரு பக்கத்திலும் பயனிலை மறுபக்கத்திலும் கிடந்தன. 'பயன்பாடு' என்னும் சொல் இருபது இடங்களுக்கு மேல் வந்தது. பயன்பாடு யாதென ஓரிடத்திலும் வரையறுக்கப்படவில்லை. யாம் ஊருக்குச் சென்று, கோயில் மண்டபத்தில் ஒவ்வொரு பிரிவாக வாசித்துப் பொருள் கூறினோம். ஏழாம் பக்கத்தை வாசிக்கும்போது தூணோரம் இருந்த ஆச்சியொருவர், "தம்பி, இதிலை விறகு பொறுக்கலாமோ எண்டு எழுதியிருக்கோ?" என்று கேட்டார். யாம் முன்னும் பின்னும் புரட்டினோம். எழுதியிருக்கவில்லை. பொறுக்கக் கூடாதென்றும் எழுதியிருக்கவில்லை. பதினான்கு பக்கத்துக்கும் அவ்வொரு வினாவே தக்க உரையென எமக்குப் பட்டது.

அதன் பின்னரே இவ்விடயத்தை முறையாகக் கற்கத் தொடங்கினோம். கல்லூரி நூலகத்திற் கிடைத்தவற்றையும், எம் உடனாசிரியர்களான விஞ்ஞான ஆசிரியர்கள் பொறுமையுடன் விளக்கியவற்றையும் கொண்டு யாம் அறிந்தவற்றை இங்குச் சொல்கின்றோம்.

மரம் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை இலைவழி உட்கொண்டு, அதிலுள்ள காபனைத் தன் உடலாக்கிக் கொள்கின்றது. உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி காபனே. ஒரு தொன் காபன் மரத்திற் சேர்ந்ததென்றால் காற்றிலிருந்து 3.67 தொன் காபனீரொட்சைட்டு நீங்கியது என்பது கணக்கு. மரத்தைத் தறித்து எரித்தாலோ, அது விழுந்து உக்கினாலோ அது திரும்பவும் காற்றையே சேரும். ஆதலின் மரம் வைத்திருப்பது நிலையான வைப்பன்று. மீளப் பெறத்தக்க வைப்பு. ஒப்பந்தக்காரர் முப்பது ஆண்டு கேட்பதன் காரணமும் இதுவே. முப்பது ஆண்டுக்கு ஒருவன் தன் காணியின் பின்பாகத்தைத் தொடாதிருப்பேன் எனக் கையொப்பமிடுதல் சிறு செயலன்று. அதற்குள் மகளுக்குச் சீதனம் கொடுக்க வேண்டும். மகனுக்கு வீட்டு நிலம் பிரிக்க வேண்டும்.

இத்துறையிற் சிறுவிவசாயிகளை முன்னிறுத்திய முயற்சிகளுள் முற்பட்ட ஒன்று மெக்சிக்கோ நாட்டின் சியாப்பாஸ் மாநிலத்தில் 1990களின் நடுப்பகுதியில் தோன்றியது. அதன் பெயர் 'ஸ்கொலெல் தே'. அந்நாட்டுப் பழங்குடியினரான செல்தால் மக்களின் மொழியில் அதற்கு 'வளரும் மரம்' என்பது பொருளாம். உழவன் ஒவ்வொருவனும் தன் காணியைத் தானே தாளில் வரைந்து, எவ்விடத்தில் எம்மரம் என்று குறித்துக் கொடுப்பது அங்கு வழக்கமாயிற்று. அந்நியர் வரைந்த திட்டத்தில் உழவன் கையொப்பமிடாது, உழவன் வரைந்த திட்டத்தைப் பிறர் ஏற்பது எமக்கு மிகப் பிடித்திருந்தது. ஆயினும் எம் சிந்தையை நெடுநாள் பற்றியிருந்தது நேபாளத்தின் வரலாறே ஆகும்.

நேபாள மலைநாட்டு உழவனுக்குக் காடும் வயலும் வேறல்ல. காட்டிற் கூட்டிய சருகு மாட்டுத் தொழுவத்திற் படுக்கையாகும். சாணத்தோடு கலந்து எருவாகிப் படிக்கட்டு வயலுக்குச் செல்லும். யாழ்ப்பாணத்திற் குழை தாழ்த்திப் பயிர்செய்த எம் முன்னோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அத்தகைய காடுகளை ஊரவர் தம் வழக்கப்படி காத்துவந்த நிலையில், 1957ஆம் ஆண்டில் நேபாள அரசு தனியார் காடுகளை நாட்டுடைமையாக்கும் சட்டமொன்றை இயற்றியது. காத்தற் பொருட்டு இயற்றிய சட்டம் அழித்தற்கு ஏதுவாயிற்று. நேற்றுவரை நமது என்று காத்தவர்கள், இன்று அரசினது என்றதும் கைவிட்டனர். அரசுக்கோ ஒவ்வொரு மலைச்சரிவிலும் காவலாளரை நிறுத்தும் வலிமை இல்லை. பின்னிருபது ஆண்டுகளில் மலைகள் பல மொட்டையாயின. 1978இல் ஊராட்சிகளுக்குக் காடுகளைக் கையளிக்கும் விதிகள் வந்தன, அவையும் போதவில்லை. ஊராட்சியின் எல்லை வேறு, காட்டைப் பயன்கொள்ளும் மக்களின் எல்லை வேறு என்பதே அதற்குக் காரணம்.

1993ஆம் ஆண்டின் வனச் சட்டமும் 1995ஆம் ஆண்டின் விதிகளும் வேறோர் வழியைக் கண்டன. நிலம் அரசினதாகவே இருக்கும். காட்டை ஆளும் உரிமையும் அதன் பயனும் அக்காட்டை உண்மையில் நம்பி வாழும் குடும்பங்கள் கூடிய பயனாளர் குழுவுக்கு. குழு தனக்கென ஒரு யாப்பை எழுத வேண்டும். (யாப்பு என்றதும் எம்போன்றார்க்கு எழுத்தும் அசையும் நினைவுக்கு வரும், இஃது அவ்யாப்பன்று. ஆயினும் இதற்கும் தளை தட்டக்கூடாது.) எந்நாளில் விறகு எடுப்பது, எந்நாளில் புல் அறுப்பது, எம்மரத்தை எவ்வயதிற் தறிப்பது என்பனவற்றையெல்லாம் ஒரு செயற்றிட்டமாக வரைந்து, வன அலுவலரின் ஒப்புதலைப் பெற வேண்டும். காட்டிலிருந்து வரும் வருமானம் குழுவையே சேரும். அதில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாது காட்டுக்கே செலவிட வேண்டும். இன்று அந்நாட்டில் இத்தகைய குழுக்கள் 22,000க்கு மேல் உள்ளன. அவற்றின் கையிலுள்ள காடு இருபது இலட்சம் ஹெக்டேயருக்கு மேல். 1990களில் நாட்டின் பரப்பில் நூற்றுக்கு 30க்கும் குறைவாக மதிக்கப்பட்ட காடு, 2015இல் வெளிவந்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு 40க்கு மேற்பட்டது. இளைஞர் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் உழைக்கச் சென்றமையால் மலைவயல்கள் தரிசாகி மரம் முளைத்தமையும் இதற்கு ஒரு காரணம் என்பர். அதனை மறைத்துக் குழுக்களுக்கே புகழ் முழுவதையும் கொடுத்தல் நேர்மையாகாது. எம் மனைவியாரின் ஊரிலும் காடு எழுந்தது எவரும் திட்டமிட்டதனால் அன்றே?

இனிக் காபன் கணக்குக்கு வருவோம். நேபாளத்தில் சித்துவான், கோர்க்கா, தோலாக்கா என்னும் மூன்று மாவட்டங்களில் ஒவ்வொரு நீரேந்து பிரதேசத்தைத் தேர்ந்து, 2009 முதல் 2013 வரை ஒரு பரீட்சார்த்தம் நடைபெற்றது. காத்மண்டுவிலுள்ள மலைப்பிரதேச அபிவிருத்திக்கான சர்வதேச நிலையமும், 1995இல் தோன்றிய வனப் பயனாளர் கூட்டமைப்பும், பிறரும் சேர்ந்து நடத்தினர். பணம் நோர்வே நாட்டினது. 105 குழுக்கள், 10,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காடு, ஏறத்தாழ 18,000 குடும்பங்கள். ஊரவரே காட்டில் வட்டமாகப் பரிசோதனை நிலங்களைக் குறித்து, நெஞ்சளவு உயரத்தில், அஃதாவது நிலத்திலிருந்து 1.3 மீற்றரில், மரங்களின் பருமனை ஆண்டுதோறும் அளந்தனர். பல்கலைக்கழகத்தார் வந்து அளக்க வேண்டும் என்னும் எண்ணம் பொய்த்தது.

பணத்தைப் பங்கிட்ட முறை கவனிக்கத்தக்கது. காட்டிலுள்ள காபனுக்கும் அதன் வளர்ச்சிக்குமாக நூற்றுக்கு 40 பங்கே வைத்தனர். எஞ்சிய 60 பங்கை, குழுவில் ஏழைகள் எத்தனை, பெண்கள் எத்தனை, தலித் மக்கள் எத்தனை, பழங்குடியினர் எத்தனை என்று பார்த்துப் பகிர்ந்தனர். ஏன் இவ்வாறு? காடு காத்தலின் சுமை யாவர் தலையிலும் ஒரே அளவில் ஏறுவதில்லை. காட்டை அடைத்ததும் நெடுந்தூரம் விறகுக்கு நடப்பவள் பெண். கரி சுட்டு உலை ஊதி வாழும் கொல்லன், கரி சுடல் ஆகாது என்னும் விதி வந்த அன்றே தொழில் இழப்பான். இது நேபாளத்திற் பல ஊர்களில் உண்மையாகவே நிகழ்ந்தது. குழுவின் தலைமையில் இருந்தவரோ பெரும்பாலும் சொந்தக் காணியில் மரம் உடையவர். அவருக்குக் காட்டு விறகு வேண்டியதில்லை. 'சமூகம்' என்று நாம் எளிதிற் சொல்லிவிடும் சொல்லுக்குள் இத்தனை பேர் இருக்கின்றனர்.

2011இல் முதன்முறையாக அக்குழுக்களுக்கு வழங்கப்பெற்ற தொகை ஏறத்தாழ 95,000 அமெரிக்க டொலர். பெருந்தொகை என்றே யாமும் எண்ணினோம். பின்னர், எம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் வகுத்துப் பார்க்கச் சொன்னோம். குழுவொன்றுக்குத் தொள்ளாயிரம் டொலர் அளவில் வரும். குடும்பமொன்றுக்கு ஐந்து டொலருக்குச் சற்று மேல். "இவ்வளவுதானா, சேர்?" என்றான். இவ்வளவுதான். 2021இல் நேபாளம் உலக வங்கியின் வன காபன் நிதியத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையில், தென்புறச் சமவெளியின் 13 மாவட்டங்களில் 90 இலட்சம் தொன் காபனீரொட்சைட்டுக் குறைப்புக்கு 450 இலட்சம் டொலர் வரை தருவதாகப் பேசப்பட்டது. அஃதாவது தொன்னுக்கு ஐந்து டொலர். இவ்விலையை ஒரு மரத்துக்கு வைத்துப் பார்ப்போம். உலர்ந்த நிறை ஒரு தொன் வருமளவு பருத்த ஒரு பாலை மரத்தில் அரைத் தொன் காபன், அது 1.8 தொன் காபனீரொட்சைட்டு. விலை ஒன்பது டொலர். எம் பாட்டனார் காலத்து முளைத்த மரம் ஒன்றின் வாழ்நாள் முழுவதற்குமான கூலி அது. அதுவும் கிடையாது, ஏனெனில் ஏற்கெனவே நிற்கும் மரத்துக்கு இம்முறையிற் பொதுவாகப் பணமில்லை. ஒப்பந்தத்தின் பின் கூடும் வளர்ச்சிக்கும், தடுக்கப்பெற்ற அழிவுக்குமே பணம். நெடுங்காலம் தறியாது காத்தவன் பெறுவது குறைவு. தறித்துவந்தவன் நிறுத்தினால் பெறுவது கூடுதல். ஊர்க் கூட்டத்தில் இதனை விளக்கியபோது முதியவர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அவ்வாறாயின் நேபாளத்தார் ஏன் காட்டைக் காக்கின்றனர்? ஐந்து டொலருக்காக அன்று. சருகும் புல்லும் விறகும் ஊற்றுநீரும் அவர்களுடையனவாக இருப்பதனாலேயே காக்கின்றனர். காபன் பணம் பின்வந்த ஒன்று. இதுவே அந்நாட்டுக்கும் எம் மேசைமீது கிடந்த ஒப்பந்தத்துக்கும் உள்ள வேறுபாடு என்பது எம் துணிபு. அங்கு உரிமை முன்னே வந்தது. பணம் பின்னே வந்தது. இங்குப் பணம் முன்னே வந்து நிற்கின்றது. உரிமையைப் பற்றிய பேச்சையே காணோம். உத்தரவுப் பத்திரக் காணியில் தானே முளைத்த மரத்தின் காபன் யாருடையது? பத்திரம் பெற்றவருடையதா, அரசினுடையதா? ஒப்பந்தம் அவ்வினாவை எழுப்பாமலே, 'உரித்தாளர் தமது காபன் உரித்து முழுவதையும் கையளிக்கின்றார்' என்று முடித்துவிட்டது. தன்னிடம் உண்டோ இல்லையோ என்று தெரியாத ஒன்றை ஒருவன் முழுவதுமாகக் கையளிக்கின்றான்! இலக்கணம் பிழையில்லாத வாக்கியம்தான்.

இடையே எம் துறைசார்ந்த ஒரு செய்தி. மரம் அளக்கும் முறையைப் பழகுவதற்கு, கல்லூரிச் சுற்றாடற் கழக மாணவரை அழைத்துக்கொண்டு மைதானத்து மரங்களை நாடாவால் அளந்தோம். வேம்பும் மருதும் இடர் தரவில்லை. பனையருகில் வந்ததும் மாணவர் நின்றனர். பனை ஆண்டுதோறும் பருப்பதில்லை, உயர்வதே. பருமனை வைத்து அதன் நிறையைக் கணக்கிடும் சூத்திரம் அங்குப் பொருந்தாது. உயரத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும். இதனைக் கேட்டதும் எமக்குத் தொல்காப்பிய மரபியல் நினைவில் எழுந்தது. புறத்தே வயிரம் உடையவற்றைப் புல்லென்றும், அகத்தே வயிரம் உடையவற்றை மரமென்றும் அந்நூல் பகுத்திருக்கின்றது. அப்பகுப்பின்படி பனை புல்லினத்தது. எத்தனையோ ஆண்டு அதனை வகுப்பிற் பரீட்சைக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கின்றோம். நாடாவைக் கையிற் பிடித்து நின்ற அன்றுதான் மாணவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதாமலே விளங்கிக்கொண்டனர்.

விழாவுக்கென ரொறன்ரோவிலிருந்து முன்கூட்டியே வந்திருந்த பழைய மாணவர் ஒருவர் இவ்விடயத்தைக் கேட்டுவிட்டு, தம் விமானச் சீட்டோடு சிறு தொகையொன்று சேர்த்துச் செலுத்தினால் பயணத்தின் காபனுக்கு ஈடாகும் என்று கூறினார்கள் எனவும், தாம் செலுத்தியதாகவும் சொன்னார். அத்தொகை எங்கு செல்கின்றது என்று அவர் கேட்கவில்லையாம். எம் மனைவியாரின் ஊர் போன்ற எங்கோ ஓர் ஊருக்குச் செல்லக்கூடும். விற்பவரும் வாங்குபவரும் எம் கல்லூரிப் பரம்பரையிலேயே இருக்கலாம் என்பதனால், இம்மலரில் இதனை எழுதுவது பொருத்தமெனக் கருதினோம். செலுத்துவது தவறென்று யாம் சொல்லவில்லை. செலுத்தும் அன்பர்கள் அவ்வூர் ஆச்சி விறகு பொறுக்கலாமோ என்று ஒரு வரி கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக நடந்தது இது. ஊர் மக்கள் மூன்று முறை கூடினர். இளைஞர் சிலர் கையொப்பமிட வேண்டும் என்றனர். மோட்டார் நீரிறைப்புப் பொறி பழுதாகிக் கிடக்கின்றது. சிறுதொகையாயினும் தொகையே என்பது அவர் வாதம். அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. பொறியில்லாதவனுக்கு யாம் நேபாள வரலாறு சொல்வது நகைப்புக்கிடமாகும். முதியோர் சிலர், முப்பது ஆண்டு என்னும் சொல்லைக் கேட்டதுமே எழுந்து சென்றனர். ஈற்றில், ஒப்பந்தத்தைக் கையொப்பமின்றி, ஐந்து வினாக்களோடு திருப்பி அனுப்புவதென முடிவாயிற்று. விறகு, குழை, பாலைப்பழம் எடுக்கும் உரிமை எழுத்தில் வேண்டும். காபன் உரித்து யாருடையது என்பதை அரச அதிகாரியின் எழுத்தோடு காட்ட வேண்டும். காலம் முப்பதன்று, பத்து. காட்டுத் தீயால் அழிந்தால் ஊரவர்மீது கடன் ஏறலாகாது. பணம் ஊர்ச் சங்கத்துக்கு வந்து, காணியில்லாத இரண்டு குடும்பத்துக்கும் பங்கு உண்டாக வேண்டும். வினாக்களை எழுதியது யாம். ஈற்றிலுள்ள வினாவைச் சேர்க்கச் சொன்னவர் ஆச்சி.

மறுமொழி இன்னும் வந்திலது. அதற்குக் காத்திராது, பின்பாகக் காட்டில் ஒரு பரிசோதனை நிலத்தை எம் மாணவரும் அவ்வூர்ப் பிள்ளைகளும் சென்ற விடுமுறையிற் கயிறு பிடித்துக் குறித்தார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, நெஞ்சளவு உயரத்தில் வெண்பூச்சால் கோடிட்டார்கள். அளவேடு பூசகர் வீட்டு அலுமாரியில் இருக்கின்றது. அடுத்த அளவை தை மாதத்தில்.